வாளி இல்லாத கயிறு

பழவேற்காட்டில் ஒரு வீடு கௌரவமான வீடா இல்லையா என்று தெரிந்துகொள்ள அந்தக் காலத்தில் பெரிய விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் போதும். வயதானவர் ஒருவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது கௌரவமான வீடு. அசைந்தால் சுமாரான வீடு. அவரே எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடித்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்னும் துபாய்க்குப் போகவில்லை என்று அர்த்தம்.

எண்பதாம் வருஷ வாக்கில் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் துபாயில் இருந்தார்கள். ஆகவே பாதி வீடுகளில் பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மீதிப் பாதியில் உட்காருவதற்கான ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன.

ஜைனம்பு உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புருஷன் இறால் கருவாட்டு வியாபாரி. அவர் இருந்தவரை கருவாடு காயப் போடுவது, புரட்டுவது, மழை இருட்டினால் ஓடிப் போய் அள்ளுவது எல்லாம் அவள்தான். அவர் மௌத்தான பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. மகன் இனாயத்துல்லா துபாய்க்குப் போன பிறகுதான் நின்றது.

மகன் அங்கேயிருந்து ஒரு நாற்காலி அனுப்பினான். இழுத்தால் நீளும், தள்ளினால் மடங்கும், கைக்கு ஒரு மெத்தை, காலுக்கு ஒரு மெத்தை. கூடவே ஒரு கேசட்டில் பேசியும் அனுப்பியிருந்தான். "உம்மா, நீங்க பட்ட கஷ்டமெல்லாம் போதும். இனிமே நீங்க எழுந்திரிக்கவே கூடாது" என்று டேப்பில் அவன் குரல் தழுதழுத்தது. கேட்டவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜைனம்புவும் துடைத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மருமகள் லத்தீபா அந்த வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மாமியார் கை ஈரப் பாத்திரத்தில் பட்டால் இவள் பதறிப் போய்ப் பிடுங்குவாள்.

நல்ல பெண்தான் லத்தீபா. மாமியாரை வேலை வாங்கும் மருமகள்களைத் திட்ட ஊரில் ஆயிரம் வாய் உண்டு. மாமியாரை வேலை செய்ய விடாத மருமகளைத் திட்ட ஒரு வாய்கூடக் கிடையாது. அவள் புத்திசாலி, ஆகவே இரண்டாவது வகையில் சேர்ந்துகொண்டாள்.

இரண்டாவது வருஷம் ஒருநாள் அஸர் தொழுகையில் ஜைனம்பு நெற்றியைத் தரையில் வைத்தாள். வைத்தது வைத்ததுதான். எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், முழங்காலை நகர்த்திப் பார்த்தாள். கால் இரண்டும் அடுத்த வீட்டுக்காரர்களுடையது போலக் கிடந்தன. கடைசியில் லத்தீபாவும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து நாற்காலியிலேயே தொழுகை. முடியாதவர்களுக்கு அது அனுமதிக்கப்பட்டதுதான் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். ஜைனம்புவுக்கும் அது தெரியும். தான் எப்போது முடியாதவள் ஆனோம் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. பாயில் நெற்றி வைத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. துபாயில் அது கிடைக்காது.

"லத்தீபா, தொழுவறதுக்கு முன்னால ஒளு செய்யற தண்ணிய நானே எறச்சிக்கிறேனே புள்ள. கை காலு கொஞ்சம் அசையும்."

"வேற வினையே வேணாம் மாமி! யாராச்சும் பாத்தா இன்னா ஆவும்? உம்மாவக் கெணத்தடில நிறுத்திட்டா பொண்டாட்டின்னு நாளைக்கே துபாய்க்குச் சேதி போயிடும். கம்முனு உட்காருங்க. குப்பம்மா வந்து எறச்சி வைப்பா."

குப்பம்மாள் ஏரிக்கரைக் குப்பத்துக்காரி. ஜைனம்புவின் வயதுதான். சின்ன வயதிலிருந்து ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, இறால் போடும் பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் இரண்டு கையும் துழாவிக்கொண்டே போவாள். அவளுக்கும் இப்போது ஒரு தொந்தரவு வந்திருந்தது. மகன் சடையனுக்கு மீஞ்சூர்ப் பக்கம் ஃபேக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. ஃபேக்டரிக்காரன் அம்மா சேற்றில் இறங்கலாமா என்று அவன் தடை போட்டுவிட்டான்.

"உங்க வூட்டுக்குத் தண்ணி எறைக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் பீவிம்மா வெளிய வரேன்" என்று அவள் ஜைனம்புவிடம் ரகசியம் சொல்வாள். "போசொல்ல அப்டியே ஏரில எறங்கி நாலு எறா தடவிகினு போயிடுவேன். இல்லன்னா காலு மரத்துப் போவுது."

தண்ணீர் இறைப்பது குப்பம்மாளுக்கு வேலை மட்டுமல்ல, வெளியே வர ஒரு சாக்கும்கூட. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜைனம்பு வைத்துக்கொள்ளவில்லை.

*

இந்த நிலையில்தான் அரசாங்கம் முதியோர் பக்கம் தன் பார்வையைத் திருப்பியது. 'இயக்கமற்ற முதியோர் அன்றாடத் தற்சார்பு உடற்பயிற்சித் திட்டம்' என்று அதற்குப் பெயர். ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் அதுவே பாதிப் பயிற்சி. அதை நடத்தி வைக்க ஆதிநாராயணன் என்ற அதிகாரி பொன்னேரி பஸ்ஸில் வந்து இறங்கினார். இறங்கினார் என்பது பேச்சுக்கு. கண்டக்டர் ஒரு கையும் டீக்கடைக்காரர் ஒரு கையும் பிடித்து இறக்கினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க வேண்டுமென்றால் அவர் வலது கையைக் காற்றில் நீட்டுவார். ஆபீசில் அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே ஒரு பியூன் இருந்தார். வெளியூரில் யாராவது இழுத்துவிடுவார்கள்.

முதலில் குப்பத்துக்குத்தான் போனார். குடிசைகளில் ஆளே இல்லை. ஏரியில் மட்டும் அங்கங்கே தலைகள் தெரிந்தன. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இந்த ஊர்ல முதியோர் யாருமில்லையாப்பா?"

"தோ, அல்லாரும் ஏரிலதான் கீறாங்க சார்."

"அங்க என்ன பண்றாங்க?"

"எறா புடிக்கிறாங்க. அந்த நரச்ச தல எங்க நைனாது."

ஆதிநாராயணன் சோர்ந்துபோனார். "இவ்வளவு வயசாகியும் இயங்கிக்கிட்டு இருக்காங்களே!" என்று குறைபட்டுக்கொண்டார். எத்தனை குப்பம் போனாலும் இதே கதை. பயனாளி என்று சொல்லிக்கொள்ள ஒரு மரத்துப்போன காலாவது வேண்டாமா? திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்று மனம் உடைந்து டவுனுக்குத் திரும்பியவர், ஜைனம்புவின் தெருவுக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வீடு நாற்காலி. நாற்காலிக்கு நாற்காலி ஒரு முதியவர். ஒருவர்கூட அசையவில்லை. ஈ உட்கார்ந்தால்கூட அதை ஓட்ட மருமகள் வந்தாள்.

"ஒரே தெருவில் இவ்வளவு இயக்கமின்மையா!" ஆதிநாராயணனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜைனம்பு வீட்டில்தான் முதல் பேச்சு வார்த்தை நடந்தது. லத்தீபா கதவுக்குப் பின்னால் நின்று கறாராகப் பேசினாள்.

"எங்க மாமி வேல செய்ய மாட்டாங்க சார்."

"வேலைன்னு யாரும்மா சொன்னது? இது பயிற்சி. வேலைங்கறது வேற, பயிற்சிங்கறது வேற. வேலை செஞ்சா ஒண்ணு ஆகும். பயிற்சியில எதுவுமே ஆகாது."

"இன்னா பயிற்சி?"

"அன்றாட வாழ்க்கைச் செயல்கள்தாம்மா. கிணத்துல தண்ணி இறைக்கிறது, பெருக்குறது, துணி பிழியறது. எல்லாம் பாவனையா செய்யணும்."

"தண்ணியா?" லத்தீபா பயந்துபோனாள். "தண்ணி வருமா சார்?"

"ஒரு சொட்டு வராது. அதுக்கு நான் பொறுப்பு."

"பெருக்கினா குப்ப போவுமா?"

"துடைப்பமே கிடையாதேம்மா!"

லத்தீபாவுக்கு நிம்மதியாயிற்று. எதுவும் நடக்காது என்று அரசாங்கமே வாக்குக் கொடுக்கும்போது தடை சொல்ல அவள் யார்? ஜைனம்புவிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து நிற்க விடுகிறார்கள் என்ற ஒரு விஷயம்தான் அவள் காதில் ஏறியது. அதுவே அவளுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

*

கொல்லையில், கிணற்றுக்குப் பத்தடி தள்ளி, பயிற்சிச் சாதனம் நாட்டப்பட்டது. இரண்டு சவுக்குக் கட்டை, மேலே ஒரு குறுக்குச் சட்டம், அதில் ஒரு இரும்புக் கப்பி. கப்பியில் வளையமாக முடிந்த ஒரு கயிறு. இழுக்க இழுக்கக் கயிறு வந்துகொண்டே இருக்கும், கடைசிவரை ஒன்றும் வராது. கப்பிக்குப் போட எண்ணெய் மட்டும் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் கிறீச் கிறீச் என்று தெருக்கோடிவரை சத்தம் கேட்டது.

ஆதிநாராயணன் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவார். ஜைனம்பு காலியாக ஓடும் கயிற்றை இழுப்பாள். பக்கத்தில் நிஜக் கிணற்றில் குப்பம்மாள் வாளி வாளியாக இறைத்துத் தொட்டியில் ஊற்றுவாள்.

"பீவிம்மா, அந்தக் கவுத்துல ஒரு வாளியக் கட்டுனா தண்ணி வருமே" என்றாள் குப்பம்மாள்.

"அப்ப அது வேலையாயிடும்டி."

அதிகாரியின் கண் குப்பம்மாள் மேல் விழுந்தது. "நீயும் வயசானவதானே, ஏன் பயிற்சியில சேரலை? வீட்ல சும்மா இருக்கியா?"

குப்பம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஏரில எறங்குவேன் சார். வெடிய வெடிய இல்ல, கொஞ்ச நேரம். குந்திகினே போயி, எழுந்து, திரும்பக் குந்தி..."

"குந்தி எழுந்திருக்கிறியா? நல்ல பயிற்சிதான்" என்று ஒரு கணம் யோசித்தவர், உடனே சுதாரித்துக்கொண்டார். "இல்லை இல்லை, அது சேராது. அதுல இறால் கிடைக்குதே!"

வந்த சில வாரங்களிலேயே கிறீச் சத்தம் கௌரவத்தின் சத்தமாகிவிட்டது. சத்தம் வராத வீடுகளுக்குச் சம்பந்தம் பேச வரவே யோசித்தார்கள். எதிர்வீட்டில் கட்டைகளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். லத்தீபா கேசட்டில் பேசி அனுப்பி, மாமியாருக்குத் துபாயிலிருந்து வெள்ளைக் கான்வாஸ் ஷூ வரவழைத்தாள். ஜைனம்பு அதைப் போட்டுக்கொண்டு, துடைப்பம் இல்லாமல் கொல்லையைப் பெருக்கினாள். கொல்லை குப்பையாகவே இருந்தது. பிறகு குப்பம்மாள் பெருக்கினாள்.

நாலு வீடு தள்ளி அப்துல் ரவூப் இருந்தார். தினமும் நடந்து மீன் ஏலத்துக்குப் போய், பேரம் பேசி, கையிலேயே மீனைத் தூக்கி வரும் ஆள். எழுபதைத் தொட்டவர். அவர் வீட்டுக்கும் சாதனம் வேண்டுமென்று மகன் போய்க் கேட்டான். இயங்குகிறவர்களுக்குத் தர விதியில்லை என்று ஆதிநாராயணன் வருத்தத்தோடு மறுத்தார்.

"என்ன செஞ்சா கெடைக்கும் சார்?"

"மூணு மாசம் அவரை உட்கார வையுங்க. பிறகு பார்க்கலாம்."

வீட்டு மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று மகனும் மருமகளும் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள். அப்துல் ரவூப் உட்கார்ந்தார். மூன்று மாதம் கழித்துச் சாதனம் வந்தது. அதை இழுக்க அவரால்தான் எழுந்திருக்க முடியவில்லை. சாதனம் மட்டும் வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நாட்டப்பட்டது.

*

ஜைனம்பு ஒன்றைக் கவனித்தாள். எத்தனை இழுத்தும் கால் அப்படியேதான் இருந்தது. பாயில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னும் இரண்டு கை வேண்டியிருந்தது. காற்றை இழுத்தால் காற்றுக்குத்தான் பலம் வரும் போலிருந்தது.

ஒருநாள் ஆதிநாராயணன் முன்கூடத்தில் டீயும் சமோசாவுமாக இருந்தார். லத்தீபா அடுப்படியில் இருந்தாள். ஜைனம்பு கயிற்றை விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள்.

"குப்பு, அந்த வாளிய இப்டிக் குடு."

"ஐயோ, உங்க மருமவ என்ன உரிச்சிடும்."

"அவளுக்குச் சத்தம் கேட்டாப் போதும்டி. நீ போயி அத இழு."

கிறீச் கிறீச் என்று சாதனம் கத்த ஆரம்பித்தது. அடுப்படியில் லத்தீபா மாமியாரை நினைத்துப் பெருமைப்பட்டாள். முன்கூடத்தில் ஆதிநாராயணன் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டே இன்னொரு சமோசா எடுத்துக்கொண்டார். கொல்லையில் ஜைனம்பு கால் வாளித் தண்ணீரை மேலே கொண்டுவரத் திணறிக்கொண்டிருந்தாள். வாளி விளிம்பில் வந்து நின்றது. வாளிக்குள் தண்ணீர் இருந்தது. இரண்டு வருஷத்தில் அவள் செய்து முடித்த முதல் காரியம் அது.

"பொறந்ததுலேருந்து இம்மாம் சொகமா நான் கவுறு இழுத்ததே இல்ல பீவிம்மா" என்று சாதனத்திலிருந்து குப்பம்மாள் சிரித்தாள். "ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. பூ மாதிரி வருது."

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. இவள் வேலையை அவள் செய்தாள், அவள் பயிற்சியை இவள்... இல்லை, யார் எதைச் செய்தார்கள் என்று அவர்களுக்கே சமயத்தில் குழம்பும். கால் வாளி அரை வாளியாகி, அரை வாளி முழு வாளியாயிற்று. நடுநடுவே குப்பம்மாள் முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்த இறாலை இருவரும் குந்திக்கொண்டு உரித்தார்கள். குந்தவும் எழவும் கிணற்றுச் சுவரைப் பிடித்த கை, மெல்ல மெல்லச் சுவரை விட்டது.

ஒரு நாள் அஸர் நேரம். லத்தீபா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தாள். ஜைனம்பு தான் இறைத்த தண்ணீரில் ஒளு செய்தாள். பாயை விரித்தாள். நெற்றி தரையில் பட்டபோது பழைய பயம் வந்தது. கையை ஊன்றினாள். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டது. எழுந்து நின்றாள். யாரும் பிடிக்கவில்லை. தொழுகை முடித்து அந்தப் பாயிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்து, அதிலிருந்தும் தானே எழுந்தாள்.

*

திட்டத்தின் வெற்றியைப் பார்வையிட இயக்குநர் பட்டணத்திலிருந்து ஜீப்பில் வந்தார். ஜைனம்பு வீட்டுக் கொல்லையில் பந்தல் போட்டார்கள். அப்துல் ரவூபை நாற்காலியோடு இரண்டு பேர் தூக்கி வந்து முன்வரிசையில் வைத்தார்கள். அவர் அசைவில்லாமல் உட்கார்ந்திருந்த விதம் இயக்குநருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. "இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் திட்டமே இருக்கிறது" என்று தோளில் தட்டிக்கொடுத்தார். அப்துல் ரவூப் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மைக் சத்தத்தில் அது கேட்கவில்லை.

பிறகு ஜைனம்பு சாதனத்துக்கு முன் நின்றாள். ஆதிநாராயணன் விசில் ஊதினார்.

அவள் கைக்கு இப்போது முழு வாளிதான் பழக்கம். காலிக் கயிறு மறந்தே போயிருந்தது. காலை ஊன்றி, கிணற்றில் இழுப்பதைப் போல ஒரே இழுப்பு இழுத்தாள். கிறீச் சத்தம் மடமடவென்ற சத்தமாக மாறியது. சவுக்குக் கட்டை இரண்டும் மண்ணோடு பெயர்ந்து, குறுக்குச் சட்டமும் கப்பியுமாக இயக்குநரின் காலடியில் வந்து விழுந்தன.

லத்தீபா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஆதிநாராயணனுக்கு ஓய்வூதியம் கண்முன் வந்து போயிற்று.

"பயனாளியின் முன்னேற்றம்" என்றார் இயக்குநர் மெதுவாக, "சாதனத்தின் முன்னேற்றத்தை மிஞ்சிவிட்டது. இவருக்கு அடுத்த கட்டப் பயிற்சி என்ன?"

"எடை சேர்க்க வேண்டும் ஐயா" என்றார் ஆதிநாராயணன், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று.

"என்ன எடை?"

ஜைனம்புதான் வாயைத் திறந்தாள். "ஒரு வாளி கட்டலாங்க."

"வாளியில்?"

"தண்ணி ஊத்திக்கலாம்."

"தண்ணீர்!" இயக்குநர் வியந்துபோனார். "உள்ளூரிலேயே கிடைக்கும் பொருள். அதை எங்கே நிரப்புவது?"

"பக்கத்துலயே கெணறு கீதுங்களே. அதும்மேலயே ஒரு கப்பியும் கீது."

இயக்குநர் எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தார். இப்படி ஒரு சாதனம் ஏற்கெனவே தயாராக இருப்பதைத் தன் கவனத்துக்கு ஏன் யாரும் கொண்டுவரவில்லை என்று ஆதிநாராயணனைக் கடிந்துகொண்டார். அந்த இடத்திலேயே 'மேல்நிலை நீர் எடைப் பயிற்சி' பிறந்தது. கிணற்றில் தண்ணீர் இறைப்பதை அரசாங்கம் கண்டுபிடித்துவிட்டது.

ஆதிநாராயணனுக்கு ஒரு சந்தேகம். "ஐயா, பயிற்சியின்போது வெளிப்படும் தண்ணீரை என்ன செய்வது?"

"அது தற்செயலாக வருவது. அதைப் பொருட்படுத்த வேண்டாம்."

லத்தீபா பொருட்படுத்தாமல் அதை எடுத்துச் சமைத்தாள். துபாய்க்குக் கேசட் போயிற்று: உம்மா மேல்நிலைக்குப் போய்விட்டார்கள். இனாயத்துல்லா சக அறைக்காரர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தான்.

ஒரு மாதத்தில் தெரு முழுக்க மேல்நிலைக்கு ஏறியது. தாயும் தகப்பனும் தண்ணீர் இறைக்காத வீடு என்றால் இப்போது கேவலம். பெருக்குவதற்குத் துடைப்பமும், பிழிவதற்குத் துணியும் மேல்நிலைச் சாதனங்களாக அனுமதிக்கப்பட்டன. அப்துல் ரவூபின் மகன் அவரைக் கிணற்றடிவரை நடத்திக்கொண்டு போக ஆள் வைத்தான்.

ஜைனம்பு சந்தோஷமாக இருந்தாள். ஐந்து வேளையும் தன் தண்ணீர், தன் பாய், தன் கால். அந்தச் சந்தோஷத்தில் குப்பம்மாளின் நினைவு வராமல் இல்லை. வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போயிற்று.

*

ஐப்பசி மழை வந்து, தையும் பிறந்த பிறகுதான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். "குப்பு எங்க புள்ள, ஆளையே காணோம்?"

"அவ எதுக்கு மாமி?" என்றாள் லத்தீபா. "தண்ணிதான் பயிற்சியிலயே வந்துடுதே. அன்னைக்கே வரவேணாம்னு சொல்லிட்டேன். இந்தத் தெருவுல யாருமே இப்ப ஆள் வச்சிக்கிறதில்ல."

ஜைனம்புவுக்குச் சுருக்கென்றது. கான்வாஸ் ஷூவைக்கூடத் தேடாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, யார் துணையும் இல்லாமல் குப்பத்துக்கு நடந்தாள். இந்தக் கால்கள் இப்போது எங்கே வேண்டுமானாலும் போகும். இத்தனை நாள் போகாததுதான் அவளைக் குத்தியது.

குப்பத்தை நெருங்கும்போதே கிறீச் கிறீச் என்று கேட்டது. பழக்கப்பட்ட சத்தம்.

சடையன் வீட்டு வாசலில், ஏரியைப் பார்த்தபடி, அதே சவுக்குக் கட்டைகள் ஆணி அடித்து நிறுத்தப்பட்டிருந்தன. கீழே மணலில் உட்கார்ந்து குப்பம்மாள் வளையக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சடையன் அம்மாவுக்காக முதல் போனஸில் வாங்கிப் போட்ட துணி சாய்வு நாற்காலி. அம்மா பயிற்சியில் இருந்ததால் அதில் ஆதிநாராயணன் சாய்ந்திருந்தார். வாயில் விசில்.

"வாங்கம்மா, மேல்நிலை!" என்று முகம் மலர வரவேற்றார். "பார்த்தீங்களா? குப்பத்துல ஒரு இயக்கமற்றவர்கூட இல்லைன்னு எவ்வளவு நாள் கவலைப்பட்டேன்! கடைசியில கிடைச்சுட்டாங்க."

ஜைனம்பு மணலில் குந்தினாள். "இன்னாடி குப்பு இது?"

"இன்னாத்த சொல்றது பீவிம்மா. உங்க வூட்டு வேல ஒண்ணுதான் வெளிய வரதுக்குச் சாக்கா இருந்துது. அது போச்சி. எதுக்கு வெளிய போறன்னு சடையன் கேக்கறான், இன்னா சொல்லுவேன்? குந்த வச்சிட்டான். மழ முச்சூடும் குந்திகினே இருந்தேன். இப்ப எழுந்திருக்க முடில." குப்பம்மாள் ஏரியைப் பார்த்தாள். "தண்ணி அங்க தெரியுது பாருங்க. எட்டல."

ஜைனம்பு வாளி கட்டலாம் என்று சொன்ன அந்த ஒரு வார்த்தை, சுற்றிச் சுற்றி இந்த மணலில் வந்து உட்கார்ந்திருந்தது. அவமானத்தில் முகம் எரிந்தது. எழுந்து நின்று கையை நீட்டினாள்.

"எழுந்திரு."

"அம்மா, அம்மா!" ஆதிநாராயணன் விசிலை உமிழ்ந்துவிட்டுப் பதறினார். "கை கொடுத்துடாதீங்க! அவங்க தற்சார்பு கெட்டுப்போயிடும்! பிடிமானம் இல்லாம எழுந்திருக்கணும், அதான் திட்டமே!"

ஜைனம்பு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் கொடுத்து, முழு வாளியை இழுக்கிற மாதிரி இழுத்தாள். குப்பம்மாள் வந்தாள். ஒரு நிமிஷம் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடி நின்றார்கள். பிறகு மெதுவாக ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

நல்ல பயனாளி ஒருத்தி கைவிட்டுப் போவதைப் பார்த்து ஆதிநாராயணன் பெருமூச்சு விட்டார். தடுக்கலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தார். சாய்வு நாற்காலி ஆழமானது. வழக்கம்போல வலது கையைக் காற்றில் நீட்டினார்.

"கொஞ்சம் பிடிச்சு விடுங்கம்மா."

ஜைனம்பு திரும்பினாள். "நீங்கதான சொன்னீங்க சார், கை குடுத்தா கெட்டுப்பூடும்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கை நீட்டியபடியே இருந்தது. குப்பத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஏரியில் இருந்தார்கள். வெயில் தாழ்ந்தது. விசில் மணலில் கிடந்தது, குனிந்து எடுக்கவும் எட்டவில்லை.

சாயங்காலம் ஃபேக்டரி விட்டு வந்த சடையன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். தன் வீட்டு வாசலில், தான் வாங்கிப் போட்ட நாற்காலியில், பேண்ட் சட்டை போட்ட வயதான ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா எங்கே என்று கேட்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. கௌரவமான வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு வந்து, அவர் கையைக்கூட அசைக்க வேண்டாதபடி, தானே அவர் வாயில் ஊற்றினான்.